பந்தெலிஸ் இரண்டாம் முறை கூப்பிட மாட்டான்

காலையில் கல்லறைக்குக் கொண்டுபோன ஒயின் புட்டி, மூடிகூடத் திறக்காமல் திரும்பி வந்து சமையலறை மேசைமேல் உட்கார்ந்திருந்தது. எலும்பைக் கழுவத்தான் அந்த ஒயின். புதைத்து மூன்று வருஷம் ஆனதும் தோண்டியெடுத்து, கழுவி, பெட்டியில் வைத்து, குழியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பது ஹியோஸ் தீவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பந்தெலிஸ் விஷயத்தில் கழுவுவதற்கு எலும்பே இல்லை. ஆள் முழுசாக இருந்தான்.

அவன் மனைவி ஸ்தமாத்தியா இதற்காக நேற்றுத்தான் ஏதென்ஸிலிருந்து வந்திருந்தாள். இன்று ஐந்து மணிக் கப்பலில் திரும்பிவிட வேண்டும். கலிமானி கிராமத்தில் அவளை யாருக்கும் பிடிக்காது. வெயில் காய வரும் ஜெர்மன்காரர்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஊர், அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புருஷனைப் புதைத்த மறுநாளே கறுப்பு உடையைக் கழற்றிப் போட்டவள் என்று பேர்.

காலையில் குழியைச் சுற்றிக் கறுப்பு உடுத்த பெண்கள் நின்றார்கள். நாத்தனார் கல்லியோப்பிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பாத்தியா? மண்ணு என் தம்பிய வாங்கிக்கல. ஏன்னா நீ அவன மன்னிக்கல."

"நான் என்னக்கா பண்ணினேன்?"

"நடிக்காதடி. மனசுல கல்ல வெச்சுக்கிட்டு நிக்கிற. பாதிரியார் முன்னாடி சொல்லு. மன்னிச்சேன்னு மூணு தடவ சொல்லு."

மூன்று தடவையும் சொன்னாள். சொல்லும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய வலது கையை. நகம் வளர்ந்திருந்தது. அந்தக் கை அறைந்ததில்தான் அவளுடைய இடது காது செவிடானது. மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது.

பாதிரியார் அவசரமாக ஏதோ ஓதினார். மண்ணை அரைகுறையாகத் தள்ளிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஊர் அடங்கியது. ஐந்து வரை எல்லோரும் தூங்கும் நேரம்; கதவைத் தட்டினால் சண்டைக்கு வருவார்கள். கல்லியோப்பி கோடையில் வாடகைக்கு விடும் அறைகளில் கடைசி அறையை, கல்லறைச் சுவரை ஒட்டியதை, அவளுக்குக் கொடுத்தாள். சாவியைக் கையில் தராமல் கட்டிலில் எறிந்தாள்.

"மனசார சொன்னியா, வாயால சொன்னியான்னு இப்பத் தெரிஞ்சிரும். வாயால சொல்லியிருந்தா அவன் வருவான். வெளிய நின்னு ஒரே ஒரு தடவ கூப்பிடுவான். அதுக்குப் பதில் சொல்லாத. சொன்னா, பூட்டின கதவுன்னாலும் உள்ள வந்துருவான். மனுஷன்னா ரெண்டாவது தடவையும் கூப்பிடுவான். செத்தவனால அது முடியாது. உனக்குத் தெரியாததா?" வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நீ பதில் சொன்னா எனக்குச் சந்தோஷந்தான்."

தெரியும். தீவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். முதல் கூப்பாட்டுக்கு எந்த வீட்டிலும் வாய் திறக்க மாட்டார்கள், பந்தெலிஸின் வீட்டைத் தவிர. அவன் உயிரோடு இருந்தபோதே இரண்டாம் முறை கூப்பிடுகிற ஆள் இல்லை. குரல் முடிவதற்குள் 'இதோ' என்று பதில் வராவிட்டால் பெல்ட் வரும். பத்தொன்பது வருஷம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், நல்ல தூக்கத்தில் இருந்தாலும், 'இதோ'.

கதவைப் பூட்டினாள். ஒரு துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். சாத்திய ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் வெயில் கோடு கோடாக விழ, பக்கத்து ஓட்டல் நீச்சல் குளத்தில் ஏதோ குழந்தை தண்ணீரை அடிக்கும் சத்தமும், வெயிலுக்குப் பூசும் களிம்பின் தேங்காய் வாசனையும், பைன் மரங்களில் சிள்வண்டுகளின் ஓயாத இரைச்சலும், அதற்கெல்லாம் அடியில் ஈர மண்ணின் வாடையும் கலந்து அறைக்குள் வந்துகொண்டிருந்தன. ஈர மண். இந்த ஊரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

மூன்று மணி. மூன்றரை. பக்கத்து அறையில் கல்லியோப்பியின் குறட்டை. இன்னும் கொஞ்ச நேரம்தான். கப்பல் ஏறிவிட்டால் இந்தத் தீவுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

நான்கு மணி.

குறட்டை நின்றது. குளத்துச் சத்தமும் நின்றது. சிள்வண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போயின.

வெளியே சரளைக் கல் நொறுங்கியது. ஒரு அடி. ஒரு இழுப்பு. மறுபடி ஒரு அடி.

துண்டை இறுக்கிக் கடித்தாள்.

"ஸ்தமா."

குரல் இடது காதில் கேட்டது. செவிட்டுக் காதில்.

"இதோ!"

யார் சொன்னது? அவள்தான். எழுந்து நின்றுகொண்டிருந்தாள். துண்டு தரையில் கிடந்தது. எப்போது துப்பினாள்?

இன்னொரு தடவை கூப்பிடு. கூப்பிடேன். யாராவது ஒரு மனுஷனாக இருந்து தொலையேன்.

கூப்பிடவில்லை.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. சிள்வண்டுகள் மறுபடி ஆரம்பித்தன. குழந்தை சிரித்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி உள்பக்கம்.

அவளுக்குப் பின்னால் கட்டில் மெல்ல அழுந்தியது. சுவரோரம். அவன் பக்கம்.

திரும்பினாள்.

வெயில் கோடுகளில், கறுப்புக் கோட் மாட்டிய ஒரு கை. அடக்கத்துக்கு அவளே இஸ்திரி போட்ட கோட். மடிப்பெல்லாம் ஈர மண். வளர்ந்த நகங்கள். அந்தக் கை, படுக்கையில் காலியாக இருந்த இடத்தைத் தட்டியது. மெதுவாக. மறுபடியும்.

கத்தத்தான் நினைத்தாள். அதற்குள் அவள் கால்கள் செருப்பைக் கழற்றி, எப்போதும்போல, ஜோடி சேர்த்து ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தன.