கடைசிக் கை

வியாழக்கிழமைக் கப்பலிலிருந்து நோஃப்ரியோ கைகொடுத்து இறக்கியது நாலு பேரை. படகு ஐந்து பேர் பாரத்தில் அமிழ்ந்து வந்தது.

எண்ணிக்கையில் தப்பு வர வழியே இல்லை. லிப்பாரித் தீவுக்குப் பல் பிடுங்கப் போய்வந்த பாதிரியார், லாடம் வாங்கிவந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, அவ்வளவுதான். எத்தனை பேர் ஏறினால் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி நிற்கும் என்பது முப்பது வருஷப் படகோட்டியான அவனுடைய உள்ளங்காலுக்கே தெரியும். அன்றைக்கு இரண்டு விரல் குறைந்திருந்தது.

"என்ன மச்சான், துடுப்பு இப்படிக் கனக்குது? வீத்தா மத்தியானம் மொச்சையை அவிச்சுப் போட்டுட்டாளா?" என்றான் முன்துடுப்பு போடும் காலோ.

"உன் வாய்தான்டா கனம். பேசாம தள்ளு."

துறையில் நாலு பேரும் இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் படகு எழும்பியது. ஆனால் அந்த இரண்டு விரல் மட்டும் எழும்பவில்லை. காலோ மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றப் போய்விட்டான். நோஃப்ரியோ குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கல்படியில் ஈரக்கால் பதியும் சத்தம் கேட்டது, படகு மெல்ல மேலே வந்தது, நனைந்த கம்பளியின் மக்கல் வாடை ஒன்று அவன் பிடரியை உரசிக்கொண்டு படியேறிப் போனது. திரும்பிப் பார்த்தான். படியில் யாரும் இல்லை. மேலே எரிமலை ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. ஊரில் மலையை யாரும் பேர்சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அவன்' என்றுதான் சொல்வார்கள். அவன் இருமுவது புதுசில்லை. வாடைதான் புதுசு.

தீவின் ஓரத்திலிருக்கும் அந்த ஊரான ஜினோஸ்த்ராவின் துறைக்குள் இரண்டு மீன்படகு நுழைந்தாலே மூச்சு முட்டும். அதனால் மிலாட்ஸோ துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் எட்டவே நின்றுகொள்ளும். அதன் விலாவில் தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். நோஃப்ரியோ படகைக் கொண்டுபோய் அதற்கடியில் ஒட்டி நிறுத்துவான். கப்பலையும் படகையும் அலை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் அந்த ஒரு நொடியில், கதவிலிருந்து நீளும் கையைப் பிடித்து ஆளை இறக்குவான். மாவு மூட்டை, ஆடு, சவப்பெட்டி எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். கைக்குழந்தையைத் துணிக்கூடையில் வைத்து முதலில் இறக்குவார்கள், அப்புறம்தான் தாய். இந்த வேலைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. பிடித்த கையை, வந்தவர் கால் பலகையில் ஊன்றும்வரை விடக்கூடாது.

அவன் ஒரே ஒரு தடவை விட்டான்.

பதினோரு வருஷத்துக்கு முந்தி. அவள் பேர் நின்ஃபா, பக்கத்துத் தீவான பனாரியாக்காரி. வலை போடப் போன இடத்தில் பழக்கமானவள். ஆறு மாச வயிற்றோடு, உன் பெண்டாட்டி வீத்தாவிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று கப்பலேறி வந்தாள். ஊரே பாறைமேல் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் கை நீட்டினாள், அவன் பிடித்தான். "இப்படி நடுங்குற? என்னைப் பாத்தா அவ்வளவு பயமா?" என்று சிரித்தாள். அலை இறங்கியது. அவன் விரலைத் திறந்தான். வழுக்கவில்லை, திறந்தான். கப்பல் விலாவுக்கும் படகுக்கும் நடுவே போனவள் போனவள்தான். உடம்பு கிடைக்கவில்லை. ஊர் அவனுக்குத்தான் ஆறுதல் சொன்னது. மூன்று நாள் வீத்தாவே பரிதாபப்பட்டுக் கோழிச்சாறு வைத்துக் கொடுத்தாள், அதையும் அந்தப் பாவி உட்கார்ந்து குடித்தான். கடல்மேல் பழியைப் போட்டால் கடல் வாய்திறந்தா மறுக்கப்போகிறது? அவனும் அந்தக் கதையைத் தலைமுழுகிவிட்டான்.

இதெல்லாம் இப்போது ஏன் ஆரம்பித்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமைத் தபால்பையில்தான் மகள் அசுந்தாவின் கடிதம் வந்தது. பெண் குழந்தை, நாற்பது நாள் ஆகிவிட்டது, வருகிற வியாழன் கப்பலில் குழந்தையோடு வருகிறேன் என்று லிப்பாரியிலிருந்து எழுதியிருந்தாள். ஒரே மகள். வீத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டிலுக்குமேல் தூளி கட்டிவிட்டாள். ராத்திரி ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, காற்று துளியும் இல்லை. படுத்துக்கிடந்த நோஃப்ரியோவின் முகத்துக்கு நேர்மேலே வெறும் தூளி, உள்ளே ஏதோ கிடப்பதுபோல் அடி தொங்கி, கயிறு நெறுநெறுவென்று முனக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது. விடியும்வரை அவன் கண்ணை மூடவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கப்பலில் இறங்கியது ஒரே ஒரு கிழவர். அவரை உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தால், கதவின் இருட்டிலிருந்து இன்னொரு கை நீண்டிருந்தது. பெண்கை. சட்டைக்கை ஈரத்தில் ஒட்டியிருந்தது, விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நகக்கண்ணில் கறுப்பு மணல். அந்தக் கை அவசரப்படவில்லை. உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு காத்திருந்தது.

"யாரைப் பாக்கறீங்க? அவ்வளவுதான் ஆள், கிளம்புங்க!" என்று கப்பல்காரன் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே தலையை நீட்டிக் கத்தினான்.

நோஃப்ரியோ துடுப்பால் கப்பல் விலாவை ஓங்கிக் குத்தித் தள்ளினான்.

மறுநாள் ஊரின் ஒரே டெலிபோனுக்கு, கடைக்கு ஓடினான்.

"அசுந்தா, இந்த வாரம் வேண்டாம்மா. கடல் சரியில்ல. வசந்தத்துல வா."

"என்னப்பா நீங்க! அம்மா நேத்துதான் பேசினாங்க, கடல் எண்ணெய் மாதிரி கிடக்குன்னாங்க. பேத்தியப் பாக்க ஆசை இல்லையா உங்களுக்கு?"

"ஆசை இருக்குடி. அதனாலதான் சொல்றேன்."

"கை குடுக்கப்போறது நீங்க. எனக்கென்னப்பா பயம்?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அவன் அந்தக் கறுப்புக் குழலைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கடைக்காரி வந்து பிடுங்கிவைத்தாள்.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு கவிந்தது. கடல் மத்தியானத்திலிருந்து கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது, ஆனால் இறங்கமுடியாத கடல் இல்லை. பாறைமேல் வெள்ளைத்துணி விரித்தால், படகு வராது, திரும்பிப் போ என்று கப்பலுக்கு அர்த்தம். நோஃப்ரியோ படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு பாறைக்கு ஓடினான். பாதி விரிக்கும்முன் வீத்தா மூச்சிரைக்க வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? நாப்பது நாள் குழந்தையோட கப்பல்ல திரும்பிப் போகச் சொல்றியா?"

"வேண்டாம் வீத்தா. சொன்னாக் கேளு. இன்னிக்கு வேண்டாம்."

"ஏன்? காரணத்தைச் சொல்லு."

காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். வீத்தாவின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகள் பிழைத்திருப்பாள். மனுஷன் அப்போதும் தன் மானத்தைத்தான் காப்பாற்றினான்.

படகில் ஏறியதும் காலோவிடம் கெஞ்சினான். "இன்னிக்கு நீ கை குடுடா. நான் துடுப்புப் போடறேன்."

"என் தோள் கழண்டது உனக்குத் தெரியாதா? பேத்தியைப் பாக்கப்போறவன் மூஞ்சியா இது? பேயறைஞ்ச மாதிரி இருக்க. சிரி மச்சான், குழந்தை பயந்துரும்."

கப்பல் வந்து நின்றது. துருவும் டீசலும் கலந்த வாடை. கதவு திறந்தபோது ஒரு அலை படாரென்று எம்பிக் கதவுக்குள்ளேயே புகுந்தது, உள்ளே யாரோ வீலென்று கத்தினார்கள். படகு விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து நோஃப்ரியோ அண்ணாந்து நின்றான். இன்று யார் கை வந்தாலும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். செத்தவள் கை சில்லிட்டிருக்கும், ஈரமாக இருக்கும். என் மகள் கை சூடாக இருக்கும். இதை மந்திரம்போல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

முதலில் கூடை வந்தது. வாங்கினான். போர்வைக்குள் இத்தனூண்டு முகம், பால்வாடை, சூடு. கண் கரித்தது. கூடையைப் பின்பலகையில் இறுக்கிவைத்தான்.

நிமிர்ந்தான்.

இரண்டு கைகள்.

கதவுக்குள் தொங்கிய லாந்தர் முதுகுப்பக்கம் எரிந்தது. இரண்டு உருவம், இரண்டின் தலையிலும் சால்வை. முகம் தெரியவில்லை. கப்பல்காரன் உள்ளேயிருந்து ஏதோ கத்தினான். அதே நேரம் மலையில் 'அவன்' உறுமினான், கல் உருண்டு கடலில் விழும் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

"அப்பா, பிடிங்க." வலப்பக்கத்துக் குரல். தெளிவான குரல். அசுந்தாவின் குரல்.

பிடித்தான். இரண்டு கையாலும் இரண்டையும் பிடித்தான்.

வலது கை காய்ந்திருந்தது. கதகதவென்று இருந்தது. இடது கை பனிக்கட்டி. சொட்டச் சொட்ட ஈரம். நடுங்கியது. அவன் மணிக்கட்டை வெறிபிடித்தாற்போல் இறுக்கியது. அந்தப் பக்கம் பேச்சில்லை. பல் கிட்டித்துக் கடகடக்கும் சத்தம் மட்டும்.

அலை தூக்கியது. இரண்டு பேரும் கால் எடுத்து வைத்தார்கள்.

அலை இறங்கியது.

அவன் இடது கை விரலைத் திறந்தான்.

அவள் விடவில்லை. அவன் மணிக்கட்டை உதறினான். ஒரு விரல் கழன்றது. இன்னொன்று.

"அப்பா?"

திட்டவில்லை. அலறவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

விழுந்தாள். கப்பல் விலா படகின்மேல் சாய்ந்தது. நடுவில் ஏதோ நெரியும் சத்தம். ஈரக்கூடை நசுங்குவதுபோல. அப்புறம் எதுவும் இல்லை.

"வழுக்கும்னு சொன்னேனேய்யா!" கதவில் கப்பல்காரன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். "அலை உள்ள புகுந்து பொண்ணு முழுசா நனைஞ்சிருச்சு, கெட்டியாப் பிடிங்க, கெட்டியாப் பிடிங்கன்னு கத்தினேனேய்யா!"

காலோ துடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றை வீசினான். "அசுந்தா! அசுந்தா! மச்சான், விளக்கைப் பிடி! டேய், உன்னத்தான்!" தண்ணீரில் ஒரு சால்வை மட்டும் விரிந்து மிதந்தது. அதையும் கடல் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. பாறைமேல் பெண்கள் கூட்டமாக ஓலமிட்டார்கள். அதில் வீத்தாவின் குரல் எது என்று நோஃப்ரியோவுக்குத் தெரிந்தது. அவன் வலது கையை இன்னும் யாரோ பிடித்திருந்தார்கள்.

பலகையில் கால் ஊன்றும் சத்தம். அதற்குப் பிறகுதான் அந்தக் கை அவனை விட்டது.

"குழந்தை அங்க தனியாக் கிடக்குடா! கூடையையாவது பிடி, தண்ணி அடிக்குது!" காலோ தொண்டை கிழியக் கத்தினான். அழுதுகொண்டே கத்தினான். பின்பலகையை அவன் நேராகத்தான் பார்த்தான். கூடையைத் தவிர அவன் கண்ணில் எதுவும் படவில்லை.

நோஃப்ரியோ திரும்பினான்.

அவள் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். சால்வை விலகியிருந்தது. அதே முகம். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட வயசாகவில்லை. அவனை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, அவளுக்கு அவன் தேவைப்படவில்லை. கூடையிலிருந்து குழந்தையை, தலைக்கு ஒரு கையும் இடுப்புக்கு ஒரு கையும் கொடுத்து, பழகிய தாய்போல் எடுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. சட்டையின் பொத்தானை அவிழ்த்து மாரோடு அணைத்தாள்.

அழுகை நின்றது.

நோஃப்ரியோ குழந்தையின் தொண்டை ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தான். வாயோரத்தில் வழிந்தது வெள்ளையாக இல்லை. கறுப்பு மணல் கலந்த உப்புத்தண்ணீர், கன்னத்தில் இறங்கிப் போர்வையை நனைத்தது. பிஞ்சுக் கையால் அவள் மாரைப் பற்றிக்கொண்டு, நிறுத்தாமல், ஆசை ஆசையாக, குழந்தை குடித்துக்கொண்டே இருந்தது.