நாற்பத்தொன்றாம் புள்ளி

ஒரு நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. செயற்கைக்கோள் அனுப்பிய காட்டுப் படத்தில் மற்ற மரங்களெல்லாம் சமர்த்துப் பிள்ளைகளாய் வடக்கே நிழலை நீட்டியிருக்க, நடுவில் ஒரு கருந்திட்டு தெற்கே பரவியிருந்ததை, ஏசி முனகும் அறையில், ஆறிய காபி வாசத்தினூடே அவள் இன்றுதான் கவனித்தாள்.

படத்தின் மேல் நூறு புள்ளிகளைத் தூவி, ஒவ்வொன்றும் இலைமேல் விழுகிறதா, நிலத்தின்மேலா என்று குறிப்பது அவள் வேலை. இலையில் விழுந்தவை எத்தனையோ, காட்டின் பசுமை அத்தனை சதவீதம். நேற்று, வீட்டுக்குப் போகும் அவசரத்தில், பாவம், அந்தத் திட்டை இலை என்று குறித்துவிட்டாள். அது நாற்பத்தொன்றாம் புள்ளி. அதை நேரில் சரிபார்க்கப் போயிருப்பவன் அவளுடைய சொந்தத் தம்பி.

போன் அடித்தது.

"அக்கா, கண்ணாடிய மாத்து. இங்க வெட்டவெளி. ஒரு செடிகூட இல்ல."

"நிழல இலைன்னு நெனச்சுட்டேன்டா. திருத்திடறேன். நீ கிளம்பு."

"அதாங்க்கா வேடிக்கை. மரமே இல்ல, நிழல் மட்டும் இருக்கு. குளுகுளுன்னு... உக்காரலாம் போல."

"உக்காராதே. வா."

படத்தைப் பெரிதாக்கினாள். திட்டின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. இன்று காலை தம்பி போட்டுக்கொண்டு போன சட்டை.

படம் எடுத்து ஒன்பது நாள் ஆகிறது.

நாற்பத்தொன்றை 'நிலம்' என்று மாற்றினாள். கையை எடுத்ததும் 'இலை' ஆனது. மறுபடி மாற்றினாள். மறுபடி இலை. பக்கத்தில் நாற்பது. நாற்பத்திரண்டு. அவள் தொடவேயில்லை. இலை. இலை.

"அக்கா, வந்த வழி இங்கதான இருந்துச்சு?"

படத்தில் வெள்ளை நூலாய் ஓடிய ஒற்றையடிப் பாதை பாதியில் அறுந்திருந்தது. போனில் சலசலப்பு.

"காத்தடிக்குதாடா?"

"இல்ல." குரல் தணிந்தது. "பேசாதக்கா. அதுக்குக் கேக்குது."

திரையோரத்தில் பசுமைச் சதவீதம் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. நாற்பத்தொன்றின் மேல் 'நிலம்' பொத்தானை அழுத்தினாள். எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றொன்பது.

நின்றது.

விரல் மரத்தது. எடுக்க முடியாது. எழுந்திருக்க முடியாது. யாரையும் கூப்பிட முடியாது. போனில் தம்பியின் மூச்சு. அதற்கு மேல் இன்னொரு மூச்சு, பெரியது.

படத்தில் ஆரஞ்சுப் பொட்டு மெல்ல அண்ணாந்து அவளைப் பார்த்தது.

அதைச் சுற்றியிருந்த கறுப்பும் அண்ணாந்தது.