மாதிரிக்கு ஒரு முகம்

மோர் கொண்டுவந்து வைத்த பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று கமலவேணிக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. இருபது வருஷம் ஊர் ஊராக நாடகம் ஆடியவளுக்கு ஆயிரம் முகம் பழக்கம். ஆனால் இது கொட்டகையில் எதிரே உட்கார்ந்திருந்த முகம் அல்ல, அதைவிட நெருக்கமானது, தினமும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஏதோ ஒன்று. உதட்டோரம் ஒரு மச்சம். இருபது இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். டம்ளரை வைத்த கை மட்டும் நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, கிழவியின் கையாக இருந்தது.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தப் பங்களாவுக்கு மலை நிழல் சீக்கிரமே வந்துவிடும். டவுனில் இன்னும் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஸ்பிரிட் வாசமும், அதை அமுக்குவதற்காக வைத்த மல்லிகை வாசமும், இரண்டுக்கும் அடியில் நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்தால் வருமே அந்த இனிப்பான வாடையும் சேர்ந்து அவள் தொண்டையில் போய் ஒட்டின. உள்ளே எங்கோ ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து பாத்திரத்தில் விடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே குதிரை வண்டியில் அத்தாயி காத்திருந்தாள். கமலவேணிக்குச் சமைத்துப் போட்டு, தலை வாரிவிட்டு, நாடகம் தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருக்கிறவள்.

பேசும் படம் வந்ததுதான் வினை. மேடையில் நாற்பத்திரண்டு வயசை அரிதாரம் மறைத்துவிடும். பத்தாவது வரிசைக்காரன் கண்டானா? சேலத்துப் படக் கம்பெனியார் பளீரென்று வெளிச்சம் போட்டுச் சோதனைக்குப் படம் பிடித்து, திரையில் காட்டினார்கள். கதவகலத்துக்கு அவள் முகம். கன்னம் தொங்கியது, தாடைக்குக் கீழே பை விழுந்திருந்தது. "நாயகிக்கு மாமியார் வேஷம் இருக்குதுங்க" என்றார் டைரக்டர், மரியாதையாகத்தான். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. தை மாதம் வரை நாயகி இடம் காலியாக இருக்கும் என்றும் சொன்னார்.

முதலில் டவுனில் ஜானகியம்மாள் என்ற லேடி டாக்டரிடம்தான் போனாள்.

"காதோரம் அறுத்து, தோலை மேல இழுத்துத் தைக்கிறதுங்க" என்றார் அவர். "சீமையில பண்றாங்க. ஒரு நரம்பு தவறிப்போச்சுன்னா வாய் கோணிக்கும், கண்ணு மூடாது. நான் பண்ண மாட்டேன். உங்களுக்கும் வேண்டாமுங்க."

நல்ல டாக்டர். அதுதான் தொல்லை. நல்லவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றே சொன்னார்கள். சொல்லாத ஒரே ஆள் அஸ்தம்பட்டி காளியண்ணன். பழைய ஜெர்மன் சண்டையில் குண்டடி பட்டு மூக்கும் தாடையும் போன சிப்பாய்களுக்கு முகம் தைத்தவர் என்று பேர். கமலவேணி குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். முந்தியை விரித்துக் காட்டாத சேலையை வாங்கிப் பழக்கமில்லை. நீங்கள் தைத்த முகம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள், பிறகு முடிவு சொல்கிறேன் என்று ஆள் விட்டிருந்தாள். அதற்குத்தான் இன்று வரச் சொல்லியிருந்தார்.

டாக்டர் காளியண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தார். கண்ணைப் பார்க்காமல் தாடையைப் பார்த்துப் பேசினார்.

"மோர் கொண்டாந்தாங்களே, அவங்கதானுங்க. பேரு பெருமாயி. வயசு அறுபது தாண்டிருச்சு."

பெருமாயி வெளிச்சத்தில் வந்து நின்றாள். கமலவேணி எழுந்து, துணியில் இழை பார்ப்பது போல் கிட்டே போய்ப் பார்த்தாள். காதோரத்தில் தழும்பு இல்லை. கழுத்தில் சுருக்கம் இல்லை. ஆசை அவளுக்கு நெஞ்சு வரை பொங்கியது. இந்த ஆளிடமே செய்துகொள்வது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள்.

"வலிச்சுதாங்க?" என்று கேட்டாள்.

"இல்லீங்க சாமி" என்றாள் பெருமாயி. உதடு மட்டும்தான் அசைந்தது. கன்னம் அசையவில்லை. இமை மூடித் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

"அது ஒண்ணுதான் குறை" என்றார் டாக்டர். "சிரிப்பு வரல. அதுக்கு அசல் வேணுமுங்க."

என்ன அசல் என்று கேட்பதற்குள் அவர் ஊதா மருந்தில் குச்சியைத் தோய்த்துவிட்டார். கோடு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார். சரி என்றாள். குச்சி காதிலிருந்து தாடை வழியாக உதட்டுக்கு வந்தது. பட்ட இடமெல்லாம் முதலில் குளிர்ந்து, பிறகு மரத்துப்போயிற்று. டாக்டர் கைக்கண்ணாடியை நீட்டினார்.

கண்ணாடியில் இருந்தது இளம்பெண் கமலவேணி. ராஜகுமாரி வேஷம் கட்டிய காலத்து முகம், அவளுடைய உதட்டோர மச்சம் கண்ணாடியில் எப்போதும் தெரியும் அதே பக்கத்தில். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

பிறகுதான் அந்த முகத்துக்குக் கீழே இன்னொரு முகம் தெரிந்தது. நரைத்த முன்முடி. ஊதாக் கோடு. அதுதான் அவள். மேலே இருந்தது, தோளுக்குப் பின்னால் வந்து நின்ற பெருமாயி. எதிரே நின்றபோது மச்சம் பக்கம் மாறித் தெரிந்ததால் அடையாளம் பிடிபடவில்லை. கண்ணாடிக்குள் அது வழக்கமான பக்கத்துக்கு வந்துவிட்டது.

"சண்டையிலிருந்து திரும்பின வருசம், ராசிபுரத்துல உங்க ஆட்டம் பாத்தேனுங்க" என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் வேற மொகம் தைக்க எனக்குக் கை வரல."

உள்வாசல் திரை விலகியது. ஒருத்தி. அதே முகம். அவள் பின்னால் இன்னொருத்தி. அதே முகம். மூன்றாவது ஒருத்தி, பாதி வரைக்கும் அதே முகம்.

கமலவேணி எழுந்துவிட்டாள். பயத்திலும் பழகின மரியாதை போகவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க. போயிட்டு வாரேனுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எழவு வீட்டிலும் வைத்தியர் வீட்டிலும் வாரேன் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போக வேண்டும். நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

பிழிகிற சத்தம் நின்றது.

"வாரேன்னுட்டாங்க" என்றாள் வாசலில் ஒருத்தி.

"வாரேன்னுட்டாங்க" என்றாள் இன்னொருத்தி.

"வாக்குங்க அது" என்றார் டாக்டர், மெதுவாக. "சொல்லாம போயிருந்தா உங்கள நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

பெருமாயி சிரித்தாள். முதலில் ஒரு கடைவாய் மட்டும் ஏறி, பிறகு கண் சுருங்கும் சிரிப்பு. அது கமலவேணியின் சிரிப்பு. கமலவேணிக்குத் தன் கடைவாயிலிருந்து ஏதோ உருவிக்கொண்டு போவது போல் இருந்தது. வலிக்கவில்லை.

நாற்காலியில் கிடந்த கமலவேணியின் சால்வையைப் பெருமாயி எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கிழட்டுக் கைகளை அதற்குள் மறைத்தாள்.

"அப்ப நான் போறேனுங்க" என்றாள்.

வாரேன் என்று சொல்லவில்லை.

கமலவேணி பின்னால் ஓடினாள். முன்வாசல். படிகள். வண்டி லாந்தர். அத்தாயி கீழே இறங்கி, பெருமாயியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு சுருக்கம் இல்லையே சாமி. அந்தக் காலத்து மொகம் அப்பிடியே வந்துருச்சே."

கமலவேணி கூப்பிட்டாள். உதடு சேரவில்லை. காற்றுதான் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"யாருங்க அது? மொகத்துக்கு என்னாச்சுங்க?"

"வைத்தியத்துக்கு வந்தவங்க. பாக்காத. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் பெருமாயி.

வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ கமலவேணியின் முழங்கையை மெல்லப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும். அவள் கையைத் தூக்கிக் கன்னத்தைத் தொடப் போனாள்.

விரல் நேராகப் பல்லில் பட்டது.