புளி தட்டும் சத்தம்

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கிய தம்பியை ஹயாத் பாஷாவுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சண்டையில் காணாமல் போனான் என்று தந்தி வந்த பக்ருதீன், எதிரிகளின் சிறையில் உயிரோடு இருந்து, அறுபத்தாறாம் வருஷம் மாசியில் எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தான்.

"வஹிதாவும் புள்ளையும் எப்படிண்ணே போனாங்க?"

"வாந்திபேதிப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டாங்க. அல்லா விதிச்சது."

ஊர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஹயாத் பாஷா தனிக்கட்டை. அவர் வீட்டை ஒட்டியதுதான் தம்பி வீடு. இரண்டு சாவியும் அவர் இடுப்பில்தான்.

"வூட்டைத் தொறங்கண்ணே."

"காலையில பாக்கலாம். மொதல்ல பள்ளிவாசலுக்குப் போயிட்டு வா."

தம்பி தலை மறைந்ததும் உளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தன் வீட்டைப் பூட்டினார். தம்பி வீட்டுக் கதவின் உட்புறம் சில குழிகள் இருந்தன. பக்ருதீன் பார்ப்பதற்குள் அவற்றைச் செதுக்கிவிட வேண்டும்.

சண்டை நடந்தபோது பட்டாளத்துப் பணம் நின்றுபோனது. கடைகளில் அரிசி இல்லை. ஹயாத் பாஷா நினைத்தபோது கொஞ்சம் ராகி கொடுத்தனுப்புவார். அது போதாமல் தம்பி மனைவி வஹிதா, மண்டிப் புளியை வீட்டுக்கு வாங்கி, சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றினாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் கூலிக்கு வேலை செய்ததே இல்லை.

"பாய், இது உங்க தம்பி வூட்டம்மா தட்டுன புளிங்களாம். ரசம் கமகமங்குது," என்றான் சாப்பாட்டுக் கடை கோவிந்தன், நாலு பேர் முன்னால்.

அன்று மாலையே, தாயும் பிள்ளையும் உள்ளே இருக்க, தம்பி வீட்டை வெளியிலிருந்து பூட்டினார். மண்டி ஆட்கள் வருவது நிற்கட்டும், பிறகு திறக்கலாம் என்று நினைத்தார்.

மறுநாள் இருட்டியதும் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

தெருவே கேட்டது. புளி தட்டுகிறாள் என்று தெருவே நினைத்தது. "பூட்டியும் திமிர் அடங்கல பாரு," என்று அவர் திரும்பிப் படுத்தார். விடியும்போது சத்தம் மெலிந்து நின்றது. பணிந்துவிட்டாள் என்று நிம்மதியானார்.

கதவைத் திறந்தபோது வஹிதா குறுக்கே கிடந்தாள். கையில் சுத்தியல். மடியில் பிள்ளை ஷகிலா. வாந்திபேதி கண்டவர்களுக்குக் குரல் எழும்பாது என்று பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

எப்படிச் செத்தார்கள் என்று ஊர் விசாரிக்கவில்லை. குடும்பத்தின் பேர் நின்றது.

இப்போது பூட்டில் சாவியை நுழைத்தார். மூடிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து புதுப் புளியின் வாசம் குப்பென்று வந்தது.

டொக்.

கை நின்றது.

டொக். டொக்.

கதவு அதிர்ந்தது. உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது.

பிறகு, முழங்கால் உயரத்தில், மெல்ல.

டொக்.

"தொறக்கறேன்மா, இதோ தொறக்கறேன். புளின்னு நெனச்சுட்டேம்மா…" சாவி திரும்பவில்லை. உளியால் பூட்டை அடித்தார். விரலில் ரத்தம் வந்தது.

"அண்ணே."

பின்னால் பக்ருதீன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"அன்னைக்கும் பூட்டு வெளியிலதான் தொங்குச்சா?"

தம்பி சாவியைத் திருப்பினான். பூட்டு உடனே திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. கதவின் உட்புறத்தை அவன் கையால் தடவினான். குழிகள் மேலிருந்து கீழே இறங்கி வந்திருந்தன. கடைசிக் குழிக்கு நேராக உட்கார்ந்து, அதில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் தன்னை அடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது ஹயாத் பாஷாவுக்கு.

"நீங்க உங்க வூட்டுக்குப் போங்கண்ணே," என்றான் கடைசியில், திரும்பிப் பார்க்காமல்.

அவர் தன் வாசலுக்கு வந்தார். அவரே பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. சாவி இடுப்பில் இருந்தது.

உள்ளேயிருந்து, கதவின் அடியில், ஒரு பிள்ளையின் கை உயரத்தில் சத்தம் கேட்டது.

டொக்.