வெள்ளைக் கைப்பிடி

கடைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மின்கெட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த பிறகு அதன் பக்கம் திரும்பவே இல்லை. அதன் வெள்ளைக் கைப்பிடி இளகி, ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"ஆறு வயசுப் பிள்ளைங்க. அம்மா கெட்டிலைத் தூக்கியிருக்காங்க. கைப்பிடி கழண்டு வெந்நீர் மொத்தமும் பிள்ளை தோள்ல கொட்டிடுச்சு. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கு."

எதிரே இருந்தவர் முப்பது வருடம் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் பரிசோதகர்தான். உடைந்ததையும் வெடித்ததையும் கொண்டுவந்து, 'யார் தப்பு?' என்று கேட்பவர்களுக்கு அவர் வீட்டில் பஞ்சமில்லை. பக்கத்தில் நோட்டும் கையுமாக அவருடைய மைத்துனர். நாற்பது வயதாகியும் அவசரக் குடுக்கை.

"இதை நீங்களா தயாரிக்கிறீங்க?" என்று கேட்டார் பரிசோதகர்.

"இல்லைங்க. தொழிற்சாலையில வாங்கி நம்ம கடைப் பேரைப் போட்டு விக்கிறோம். கொள்முதல் எல்லாம் என் தம்பி. மட்டமான சரக்கை வாங்கித் தலையில கட்டிட்டான். நேத்து கடைச் சாவியைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பிட்டேன். நாளைக்கு விசாரணைக்கு அதிகாரி வர்றாரு. தப்பு அவனோடதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"உங்க வேலை என்ன இதுல?"

"பெட்டி மட்டும்தான். சரக்கு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே அச்சகத்துல நானே நின்னு அடிச்சு வாங்கினேன்." அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எத்தனை வித்திருக்கு?"

"இருநூத்திப் பத்து."

"அந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"முதல்ல யார் தப்புன்னு தெரியட்டும்னு..."

"அதுவரைக்கும் அவங்க வீட்டுல தண்ணி கொதிக்காதா?" என்றார் பரிசோதகர். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மதியம் பரிசோதகரும் கடைக்காரரும் கடைக்குப் போனார்கள். சுவர், அலமாரி, பை, விலைச்சீட்டு எல்லாம் வெள்ளை. பரிசோதகர் உள்ளறையில் கொள்முதல் கோப்பைப் பிரித்தார். சோதனைக்கூடத்தின் அறிக்கை உண்மையானது; முத்திரையும் சரி. சோதனையில் தேறிய மாதிரி அலமாரியிலேயே இருந்தது. அதன் கைப்பிடி கறுப்பு. அறிக்கையில் இருந்த படத்திலும் கறுப்பு. கீழே தம்பி கையெழுத்திட்ட கொள்முதல் கடிதம்: 'மாதிரியில் உள்ளபடியே வேண்டும். எந்த மாற்றமும் கூடாது.'

இதற்குள் மைத்துனர் தம்பியின் வீட்டுக்குப் போய் அவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"அத்தான், வழியெல்லாம் கேட்டுட்டேன். வாயே திறக்கலை. 'அண்ணன் சொன்னா சரிதான்'னு ஒரே பாட்டு. பிள்ளையைச் சுட்டுட்டுப் பேசாம இருக்கியே, நீயெல்லாம் மனுஷனான்னு நல்லாக் கேட்டேன்."

"கேட்டுட்டீங்களா?"

"பின்னே?"

"அவசரப்பட்டுட்டீங்க மாப்பிள்ளை" என்ற பரிசோதகர், அண்ணன், தம்பி, கல்லாவில் இருந்த அண்ணி மூவரையும் உள்ளறைக்கு அழைத்தார். மேசைமேல் கறுப்புக் கைப்பிடி மாதிரியும், கழன்ற கெட்டிலும், காலிப் பெட்டியும் இருந்தன.

"கறுப்பு சோதனையில தேறினது. வெள்ளை வேற பிளாஸ்டிக். சூட்டுல இளகுது. அதுக்குச் சோதனையே நடக்கலை. அப்ப நிறத்தை மாத்தினது யாரு?"

"தொழிற்சாலைக்காரன்தான்!" என்றார் மைத்துனர். "சொல்லாம கொள்ளாம மாத்தி அனுப்பிட்டான்."

"அப்படின்னா சரக்கு வந்து இறங்கினப்பதான் வெள்ளைன்னு இங்க தெரிஞ்சிருக்கும். இந்தப் பெட்டியைப் பாருங்க."

பெட்டியின் மேல் கெட்டிலின் படம். வெள்ளைக் கைப்பிடி.

"இது சரக்கு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி அச்சானது. அன்னைக்கு இந்தக் கடையில இருந்தது கறுப்பு மாதிரி ஒண்ணுதான். தம்பி கேட்டதும் கறுப்புதான். வெள்ளை வரப்போகுதுன்னு தெரிஞ்சவர்தான் இந்தப் படத்தைப் போட முடியும். பெட்டியை நானே நின்னு அடிச்சேன்னு என்கிட்ட சொன்னவர் ஒருத்தர்தான்."

கடைக்காரருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

"தொழிற்சாலைக்காரர்கிட்ட போன்ல சொன்னேன்" என்றார் கடைசியில். "கடைக்குப் பொருத்தமா வெள்ளையா போடுங்கன்னேன். வேற பிளாஸ்டிக் வரும், மறுபடி சோதிக்கணும்னு அவர் சொன்னாரு. நிறம்தானே, அதுக்கெல்லாம் எதுக்கு சோதனைன்னேன். பிள்ளைக்குச் சுட்ட சேதி வந்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சுதான் இவனை அனுப்பினேன்."

அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். அவள் கணவனைத் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பெட்டி வந்தப்பவே பார்த்தேன்" என்றார் தம்பி. "அண்ணன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். நானும்தான் தலை குனியணும்."

மைத்துனர் நோட்டை மூடினார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் பரிசோதகரைப் பார்த்தார். "தெரிஞ்சே மாத்தி அனுப்பின தொழிற்சாலைக்கும் பொறுப்பு உண்டுல்ல?"

"அவங்க பங்கை அதிகாரி விசாரிப்பாரு. ஆனா பொருள்ல உங்க பேரைப் போட்டு வித்தா, சட்டத்துக்கு முன்னாடி நீங்கதான் தயாரிச்சவர். சோதிச்சோமா, சோதிச்சதைத்தான் விக்கிறோமான்னு பார்க்க வேண்டியது நீங்க. உங்களுக்குத் தெரியாம அவங்களே மாத்தியிருந்தாலும் வாங்கினவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். இங்க மாத்தச் சொன்னதே நீங்க. நான் எழுதிக் குடுக்கப்போறது இதைத்தான்."

"கடை போயிடும்."

"போகலாம். இன்னும் இருநூத்தி ஒன்பது வீடு இருக்கு."

தம்பி விற்பனைப் பதிவேட்டை எடுத்துவந்து, பெயரும் எண்ணும் இருந்த பக்கத்தைப் பிரித்து வைத்தார். ஆளுக்கு ஒரு பக்கமாகக் கூப்பிடலாம் என்று மைத்துனரும் போனை எடுத்தார்.

"முதல் போன் நான்தான் பண்ணணும்" என்று கடைக்காரர் எண்ணைத் தேடினார். அது சூடுபட்ட பிள்ளையின் அம்மாவின் எண். இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாம் முறை மணி போயிற்று.

"யாருங்க?" என்றது தூக்கமில்லாத ஒரு குரல்.

கடைப் பெயர் நுனி நாக்குவரை வந்துவிட்டது. அவர் அதைச் சொல்லவில்லை.

"அந்தக் கெட்டிலைச் செஞ்சவன் பேசறேம்மா" என்றார்.