சிவப்பு அம்பு வளைந்த கதை

சிப்பியம்மா வந்து கதவைத் தட்டினார் என்றால் விஷயம் பெரிதுதான். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டுக்கூட அவர் வந்ததில்லை. கதவைத் திறந்த மச்சினனுக்குக் காது இரண்டும் நிமிர்ந்துகொண்டன. அக்காள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அக்காள் புருஷனான துப்பறிவாளருக்கு ஒத்தாசை செய்வதுதான் அவன் உத்தியோகம். அதற்கு அக்காள் வைத்திருக்கும் பெயர் வேறு.

"என்னை ஏமாத்துக்காரின்னு சொல்றாங்க. நாளைக்கு எங்க ஆராய்ச்சிக் கூட்டத்துல அதையே முடிவு பண்ணிடுவாங்க," என்றார் சிப்பியம்மா.

கல்லாகிப்போன சிப்பிகளை வைத்து, அந்தக் காலத்துக் கடல் எப்படி இருந்தது என்று சொல்வது அவர் வேலை. குவாரியிலிருந்து அவர் வெட்டி வந்த பலகைக்கல்லில் சிப்பிகள் எல்லாம் கிண்ணம்போல் வாய் மேலே பார்த்துக் கிடந்தன. அலை அடித்திருந்தால் புரட்டிக் கவிழ்த்திருக்கும். ஆகவே அது அமைதியான கடல் என்றார். எது மேல்பக்கம் என்று காட்ட, வெட்டும்போதே கல்லின் ஓரத்தில் சிவப்பு அம்பு போட்டிருந்தார். நேற்றுப் பார்த்தால் அம்பு எதிர்ப்பக்கம் காட்டுகிறது! அதன்படி சிப்பிகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன.

"குவாரியில போய்ப் பாத்துடலாமே?" என்றார் துப்பறிவாளர்.

"அந்தச் சுவரையே வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க."

"போட்டோ?"

"அம்பு போடறதுக்கு முன்னாடி, கல்லை மட்டும் கிட்டத்துல எடுத்தது. தலைகீழாப் பிடிச்சா அதுவும் தலைகீழ்தான்."

அங்கே கடல் கொந்தளித்தது என்று வருடக்கணக்காக வாதாடும் ஒரு சக ஆராய்ச்சியாளர் உண்டு. அலை சார் என்று பட்டப்பெயர். அவரைப் பற்றிக் கேட்டதுமே மச்சினன் துள்ளினான். "அவரேதான் மாமா! கேஸ் முடிஞ்சுது!"

"செருப்பைப் போடு மாப்ளே. போய்ப் பாத்துட்டு முடிக்கலாம்."

ஆராய்ச்சிக்கூட நடைபாதையின் கடைசி அறை. அம்மாவும், சிப்பிகளைப் படம் வரைபவரும் இருபது வருடமாக உட்காரும் இடம். இரண்டு நாற்காலி, ஒரு கெட்டில், இரண்டு டம்ளர். அம்மா அறிக்கை கொடுத்ததும் அறையை மூடிவிடப்போகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அலை சார் ஜன்னலோரம் கைகட்டி நின்றார். படக்காரர் அளவுகோல் இல்லாமலே ஒரு நேர்கோடு இழுத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"என்ன மாமா, அம்பு இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? தூக்கத்துல போட்டானா?" என்றான் மச்சினன், மேஜைமேல் இருந்த பலகைக்கல்லைப் பார்த்து.

துப்பறிவாளர் குனிந்தார். கல்லோரத்தில், வாய் மூடிய சிப்பி ஒன்று குறுக்கே அறுபட்டிருந்தது. உள்ளே பாதி பழுப்புச் சேறு, பாதி வெள்ளைப் படிகம். அம்பு அதைத் தொடாமல் வளைந்து போயிருந்தது.

"மாப்ளே, டீ டம்ளர்ல தூள் எங்க தங்கும்?"

"அடியில."

"மூடின சிப்பிக்குள்ள போன சேறும் அப்படித்தான். மேல காலியா இருந்த இடத்துல பின்னால படிகம் வளந்திருக்கு. இங்க அம்பு முனை இருக்கிற பக்கம் சேறு. அதான் அடிப்பக்கம். அம்பு பொய். அம்மா சொன்னது நிஜம்."

அலை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இதைக் கவனிக்கவே இல்லையே."

"அதான் நீங்க இல்ல சார். கவனிக்காதவர் அது மேலயே நேராக் கோடு போட்டிருப்பார். கெடுக்க நினைச்சவர் சிப்பியையே உடைச்சிருப்பார். இவர் ஒதுங்கிப் போயிருக்கார். பொய் சொல்லணும், ஆனா உண்மை அழிஞ்சிடக் கூடாது. அந்தச் சிப்பியோட அருமை தெரிஞ்ச கை."

படக்காரரின் பென்சில் நின்றது.

"அறிக்கை போனா ரூமைப் பூட்டிருவாங்க," என்றார் மெதுவாக. "சண்டை கொஞ்ச நாள் இழுக்கட்டும்னு பாத்தேன். அப்புறம் நானே இந்தச் சிப்பியைக் காட்டியிருப்பேன். உங்களை ஏமாத்துக்காரின்னு சொல்வாங்கன்னு நினைக்கலம்மா. வீட்டுக்குப் போய் நான் யார்கூடப் பேசுறது?"

தெருவுக்குச் சொல்ல வாக்கியம் கோத்துக்கொண்டிருந்த மச்சினன் அதை அப்படியே விழுங்கினான். அவனுக்கு இது புதுசு.

அம்மா அறுபட்ட அந்தச் சிப்பியை விரலால் தடவினார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கு மட்டும் வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்கா?"

பிறகு பழைய துணியால் அம்பைத் துடைத்தார். தூரிகையை எடுத்துப் படக்காரரிடம் நீட்டினார்.

"நேராப் போடுங்க. அறிக்கை இன்னிக்கே போகணும்."

ஒரு சாண் நீள அம்பு. அளவுகோலே தேவைப்படாத அந்தக் கைக்கு அது வெகுநேரம் பிடித்தது. அம்மாவும் அவசரப்படுத்தவில்லை.