நான்காவது கம்ப்யூட்டர்

அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் நான்கு என்று காட்டியது.

கலைவாணன்தான் முதலில் கவனித்தான். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் முத்துவேலுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அரியலூரில் அந்த ஸ்டுடியோ தொடங்கிய நாளிலிருந்து கல்யாண வீடியோக்களை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஒண்டியாக உட்கார்ந்து மிக்சிங் செய்து கொடுத்தவன் முத்துவேல். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த கலைவாணனோ மூன்று கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்தான். ஒரு வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கைக் கொடுத்தான். முடிந்த துண்டுகள் தாமாகவே ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

"ஒனக்கு ரெண்டு நாள் புடிக்கிற வேலைய ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டாம் பாரு" என்று முதலாளி பெரியசாமி வந்திருந்தவர்கள் எதிரிலேயே சொன்னார். அன்றிலிருந்து முத்துவேலுக்குச் சோறு இறங்கவில்லை. கலைவாணன் வேலை செய்தபடியே சீட்டியடிப்பதும், முதலாளி அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவதும் பார்க்கப் பார்க்க வயிற்றை எரித்தன.

அன்று இருட்டுவதற்குள் உடையார்பாளையத்துப் பெண் வீட்டார் சிடி வாங்க வருவதாக இருந்தது. முதலாளி பெரம்பலூர் போயிருந்தார். வெளியே ஐப்பசி மழை.

"அண்ணே, நாலாவதா ஒண்ணு வேல செய்யுதுண்ணே. நம்ம மூணுக்கும் முந்தி அதுதான் துண்ட அனுப்புது."

"மாட்டுனவன் நீ. என்னயக் கேட்டா?"

கலைவாணன் மேசைக்கடியில் குனிந்து, ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டியைத் திருப்பினான். அதில் நான்கு விளக்குகள் சிமிட்டின. மூன்று புது நீல ஒயர்கள். நான்காவது கறுத்து, பிசுபிசுத்து, சுவரோரமாகவே ஓடி, பின்னறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது.

"இத நான் போடலண்ணே."

முத்துவேல் நம்பவில்லை. நடிக்கிறான். இன்னொரு கம்ப்யூட்டரை ஒளித்து வைத்திருக்கிறான். முதலாளி வந்ததும் காட்டி இன்னும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான். கலைவாணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, பழைய போட்டோத் திரைகளும் உடைந்த விளக்குக் குடைகளும் கிடந்த அந்த அறைக்குள் போனபோது, முத்துவேலின் கை தானாகவே கதவைச் சாத்தித் தாழ் போட்டது. கிடக்கட்டும். சிடி முடியாது. முதலாளி வந்து இவனை ஒரு தடவையாவது திட்டட்டும்.

"அண்ணே, வெளயாடாதீங்கண்ணே" என்று உள்ளே குரல் சிரித்தது. முத்துவேலும் சிரித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும், ஓட்டில் விழுந்து தாழ்வாரத்தில் வழிந்து வாசல் தகரத்தில் தெறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவிடுக்கிலிருந்து, ஈரச் சுவர் வாடைக்கு நடுவே, மல்லிகைப்பூவும் சந்தனமும் பந்திச் சாம்பாரும் கலந்து, கல்யாண மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தாற்போல ஒரு மணம் வந்தது.

"அண்ணே." இப்போது குரலில் சிரிப்பில்லை. "இங்க ஆளுங்க இருக்காங்கண்ணே. நெறைய பேரு. கதவத் தெறங்க."

முத்துவேலின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. முதலாளியின் கை கலைவாணன் தோளில் கிடந்தது நினைவுக்கு வந்தது. கை அங்கேயே நின்றது.

கதவு ஒரு முறை அதிர்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"கலை?"

தாழை நீக்கினான். அறையில் யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. கறுப்பு ஒயர் தரையின் நடுவில் வந்து முடிந்திருந்தது. நுனி அறுந்து கிடந்தது. அதில் எதுவும் மாட்டப்படவில்லை. தொட்டான். உடம்புபோலச் சுட்டது.

பின்னால் கம்ப்யூட்டர் ஒலித்தது. நான்காவதிடமிருந்து புதுத் துண்டு வந்திருந்தது.

வந்து உட்கார்ந்து திறந்தான். உடையார்பாளையம் கல்யாணம். தாலி கட்டும் நேரம். எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்த காட்சி. மேளம் முழங்க எல்லோரும் அட்சதை தூவினார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவன் மட்டும் தூவவில்லை.

கலைவாணன்.

கையில் டார்ச் இன்னும் எரிந்தது. நேராக முத்துவேலைப் பார்த்தான். வாய் திறந்து மூடியது. மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த உதடுகள் என்ன சொல்லின என்று முத்துவேலுக்குத் தெரிந்தது. கதவத் தெறங்க.

ஒயர்களைப் பிடுங்கினான். நீலம். நீலம். நீலம். கறுப்பையும் பிடுங்கினான். மெயின் ஸ்விட்சை அணைத்தான். விசிறி நின்றது. குழல் விளக்கு அணைந்தது. இரண்டு திரைகள் இருண்டன.

அவன் முன்னால் இருந்த திரை இருளவில்லை.

மேளம் நின்றது. அட்சதைக் கைகள் பாதியில் நின்றன. முதல் வரிசை திரும்பியது. இரண்டாவது வரிசை. மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். எல்லா முகங்களும் அவனையே பார்த்தன.

கலைவாணனுக்குப் பக்கத்து நாற்காலி காலி.

பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி எழுந்தாள். வந்தவர்களை உபசரிக்கும் முகம். முந்தானையால் அந்த நாற்காலியைத் துடைத்தாள். மெதுவாக, ஓரமெல்லாம். பிறகு நிமிர்ந்து, திரைக்கு வெளியே கை நீட்டினாள்.

"வாங்க" என்றாள்.